காயும் வரை

அத்தை பட்டறைக்குப் போன் செய்வதில்லை. அன்று அத்தையின் போன் வந்தபோது அவள் அந்தத் தோல் பட்டறையில் ஒரு பயணப்பெட்டியின் கைப்பிடியைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசி பாதித் தோலில் நின்றது.

"உங்கப்பா மருந்தைக் கொட்டிட்டாரு."

"கொட்டினா கொட்டட்டும் அத்தை. வரும்போது வாங்கிட்டு வரேன். மாத்திரையா, பாட்டிலா?"

அத்தை குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அந்த மருந்து இல்ல பாப்பா. அந்த மருந்து."

அவள் ஊசியை உருவி மெழுகுக் கட்டியில் குத்தி வைத்துவிட்டு எழுந்தாள்.

போன மழைக்காலத்தில் அப்பா விழுந்தார். வலப்பக்கம் முழுக்கப் போயிற்று. பேச்சும் அதோடு போயிற்று. ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ தப்பி வாயில் ஒட்டிக்கொண்டு நின்றது. மருந்து. பசித்தாலும் மருந்து, தாகம் எடுத்தாலும் மருந்து, படுக்கை நனைந்தாலும் மருந்து. ஆஸ்பத்திரியில் அவர் அந்தச் சொல்லைச் சொன்னபோதெல்லாம் நர்ஸ் மாத்திரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவர் மாத்திரையைத் துப்பினார். அத்தைக்குத்தான் முதலில் பிடிபட்டது. தம்பியோடு பிறந்து வளர்ந்தவள். வீட்டுக்குப் போய் அலமாரியின் மேல்தட்டில் கிடந்த கொம்பை எடுத்து வந்து அவருடைய இடக்கையில் வைத்தாள். அதன் பிறகு அவர் மாத்திரையை விழுங்கினார். சோறும் இறங்கியது.

அது துப்பாக்கி மருந்து வைக்கும் கொம்பு. எருமைக் கொம்பு. அகன்ற பக்கத்தை மரக்கட்டையால் அடைத்து ஆணி அடித்திருந்தது. குறுகிய பக்கம் அதன் வாய். வாய்க்கு ஒரு தக்கை. அப்பா ஒரு பெரிய பழத்தோட்டத்தில் காவல் இருந்தவர். குழாய்க்குள் மருந்தைக் கொட்டி இடித்துச் சுடுகிற பழைய துப்பாக்கி ஒன்று அவரிடம் இருந்தது. பன்றிகளை விரட்டத்தான். குறி வைத்ததைவிடச் சத்தம் போட்டதுதான் அதிகம். தோட்டம் கைமாறியபோது துப்பாக்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கொம்பைக் கேட்க மறந்தார்களா, கேட்டும் அவர் கொடுக்கவில்லையா, தெரியாது.

கொம்பின் மேல் பச்சைத்தோல் உறை இருந்தது. பதனிடாத தோல். ஈரமாக இருக்கும்போது துணி மாதிரி வளையும். காய்ந்தால் கட்டை மாதிரி ஆகிவிடும். உள்ளே இருப்பதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பிறகு விடாது. அந்த உறையைத் தைத்தவள் அம்மா. அம்மா செய்த பொருள் என்று வீட்டில் அது ஒன்றுதான் மிச்சம். அம்மாவின் படம் மருந்துக்குக்கூட இல்லை.

அவள் வீடு போய்ச் சேர்ந்தபோது அத்தை அடுப்பை அணைத்து, சன்னல்களைத் திறந்து வைத்து, கட்டிலுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். தரையில் கட்டிலிலிருந்து கதவு வரை ஒரு கறுப்புக் கோடு. கொம்பு உருண்டபடியே கொட்டியிருக்கிறது. உறை தையலோடு பிளந்திருந்தது. உள்ளே கொம்பிலும் ஒரு கீறல். கறுப்புப் பொடி அதன் வழியாக வந்திருந்தது.

"இவ்வளவு வருஷமா வெடியைத் தலைமாட்டுல வெச்சுக்கிட்டுத் தூங்கியிருக்கோம்" என்றாள் அத்தை. "நான் வேற பக்கத்துல நின்னு கொசுவத்தி கொளுத்துறேன்."

அப்பாவின் இடக்கை போர்வையின் மேல் மூடி மூடித் திறந்தது. அவர் கொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மருந்து" என்றார்.

"சரி பண்ணிக் கொண்டாரேன்ப்பா."

கதவருகே அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. திறக்கும்போது உள்ள என்ன இருக்குன்னு பாரு. இது வெறும் வெடிமருந்து இல்ல. வேற மருந்தும் சேர்ந்திருக்கும்."

"என்ன மருந்து?"

"வேற என்ன. உங்கம்மா வெச்சுட்டுப் போனது. இல்லாட்டி ஓடிப்போனவளை நினைச்சுக்கிட்டு ஒரு ஆம்பளை இப்படி உக்காந்திருப்பானா? நான் எத்தனை இடம் பாத்தேன். ஒருத்தியையும் ஏறெடுத்துப் பாக்கலியே. எடுத்து வெளிய போட்டா அவனுக்கு ஒரு வழி பொறக்கும். இருக்கவா, போகவான்னு."

அவள் கொம்பைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள். அத்தைக்கு உலகத்தில் நடப்பது எல்லாமே யாரோ யாருக்கோ வைத்த மருந்துதான். அவளுடைய கல்யாணம் முடிந்து, அது ஒரு நாள் ஒரேயடியாக முடிந்தும் போனபோதும் அத்தை அதையேதான் சொன்னாள்.

*

பட்டறையில் தோல் வெட்டுகிறவருக்குக் கத்தரி என்று பெயர். பெற்றோர் வைத்த பெயரைச் சம்பள நாளில் மட்டும் சொல்வார்கள். கொழுத்த மனிதர். நாக்கும் கத்தரிதான். அவர் கொம்பை வாங்கி மூக்கில் வைத்து முகர்ந்தார். பற்றவைக்காத பீடியைக் காதிலிருந்து எடுத்து முற்றத்தில் வீசினார்.

"பட்டறையைத் தூக்கிராத தாயி. நான் இன்னும் பொண்ணைக் கட்டிக் குடுக்கணும்."

"அதான் உங்ககிட்ட கொண்டு வந்தேன். உங்களைத் தூக்க இவ்வளவு மருந்து பத்தாது அண்ணே."

அவர் சிரித்துக்கொண்டே கொம்பை வெளிச்சத்தில் திருப்பினார். தையல் பிளந்த இடத்தைத் தட்டிப் பார்த்தார். "கீறலை அடைக்கலாம். கொம்பைச் சுரண்டின பொடியும் பசையும் போதும். ஆனா இந்தத் தோலு கழட்டாம உள்ள போக முடியாது. தோலிருக்கச் சுளை முழுங்குற வேலை நமக்குத் தெரியாது. தண்ணில போடு. ஊறட்டும். நல்ல ஆட்டுத்தோல். இதையே திரும்பப் போர்த்தித் தைச்சுரலாம்."

பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். அவருடைய கட்டைவிரல் உறையின் மேல் ஓரிடத்தில் நின்றிருந்தது.

"இது என்ன, பிடியா?"

உறையின் வளைவில் குழிகள் இருந்தன. ஒரு பக்கம் நான்கு, மறுபக்கம் ஒன்று. அவளுக்குத் தெரியாதவை அல்ல. சின்ன வயதில் அவற்றில் விரல் வைத்திருக்கிறாள். அன்றுதான் அப்பா அவளை அடித்தார். முன்னேயும் அடித்ததில்லை, பின்னேயும் இல்லை. அவர் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த இடம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இப்போது கத்தரி தம் விரல்களை அவற்றில் வைத்தார், பொருந்தவில்லை. தடித்த விரல்கள் குழிக்கு மேலேயே நின்றன. அப்பாவின் விரல்களும் தடித்தவைதான். அவர் கொம்பைப் பிடித்திருந்த விதம் அவளுக்கு நினைவு வந்தது. குழிகளுக்குக் கீழே, வாய்ப்பக்கம். கட்டிலில் கிடந்த இந்த மாதங்களில்கூட ஒரு தடவையும் அவர் கை அவற்றின் மேல் போகவில்லை.

"நீ வை" என்றார் கத்தரி.

அவள் வைத்தாள். விரல்கள் ஒவ்வொன்றும் தன் இடத்தில் போய் உட்கார்ந்தன. கட்டைவிரல் கடைசியாகப் போயிற்று. காய்ந்த தோல் சில்லென்று இருந்தது. எங்கும் இடைவெளி இல்லை. செருப்புக் கடையில் முதல் ஜோடியே சரியாக இருந்துவிட்டால் ஒரு சந்தேகம் வருமே, அது வந்தது. கையை எடுத்துக்கொண்டாள்.

"யாரு தைச்சது?"

"எங்கம்மா."

"பொறுமைசாலி." அவர் குழியின் ஓரத்தை நகத்தால் தடவினார். "உனக்குத் தெரியாததா. பச்சைத்தோல்ல ஈரத்தோட கையை வெச்சு எடுத்தா, தோலு பழையபடி எழும்பிரும். மாவுல விரல் வெச்ச மாதிரி நிக்காது. இப்படி நிக்கணும்னா காயுற வரைக்கும் கை அங்கயே இருக்கணும். ஒரு பகல் பூரா. நான் தொழில் படிக்கும்போது எங்க மாஸ்டர் என்னை இப்படித்தான் உக்கார வெச்சாரு. கத்திப் பிடி ஒண்ணு. நான் கையை எடுத்துருவேன்னு மேல அவர் கையை வெச்சு அழுத்திக்கிட்டாரு. ஒண்ணுக்குக்கூட விடல பாவி." அவர் குழியின் ஆழத்தை மறுபடி பார்த்தார். "இதுலயும் மேல யாரோ அழுத்தியிருக்காங்க. தானா வெச்ச கை இவ்வளவு ஆழத்துக்கு இறங்காது."

பிறகு அவர் கொம்பைத் தம் இடுப்பில் தொங்குவதுபோல வைத்துப் பிடித்துக் காட்டினார். மாட்டியிருப்பவன் பிடித்தால் கட்டைவிரல் உடம்புப் பக்கம் வந்தது. குழியில் அது வெளிப்பக்கம் இருந்தது. "எதிர்ல உக்காந்து பிடிச்ச கை" என்றார். "சரி, நமக்கென்ன. தண்ணில போடு."

அவள் போடவில்லை. தண்ணீரில் போட்டால் தோல் உப்பும், குழிகள் போய்விடும். அம்மா எப்படி இருப்பாள் என்பதற்கு வீட்டில் இருந்த ஒரே அளவு அதுதான். கைப்பேசியில் படம் எடுத்துப் பார்த்தாள். எந்தப் பக்கம் திருப்பி எடுத்தாலும், எந்த வெளிச்சத்தில் எடுத்தாலும், படத்தில் மழமழவென்று ஒரு கொம்புதான் இருந்தது. மெழுகை முற்றத்தில் தள்ளி வைத்து உருக்கி எடுத்து வந்து குழிகளில் ஊற்றினாள். ஆறியதும் பெயர்த்து எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தாள். விரல்களின் உள்பக்கங்கள். ரேகை இல்லாமல், நகம் இல்லாமல், மஞ்சளாக ஐந்து துண்டுகள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து, நூலுக்குத் தடவுகிற மெழுகோடு போட்டுவிட்டாள்.

*

வீட்டில் அப்பா வாயைத் திறக்கவில்லை. அத்தை கரண்டியைப் பல்லில் தட்டினாள். "திற. திறடா. என்ன, கொம்பு முளைச்சிருக்கா உனக்கு?" என்றாள். பிறகு தான் சொன்னது தனக்கே உறைத்து, கரண்டியைக் கிண்ணத்தில் போட்டாள்.

அவள் அத்தையைச் சமையலறைக்கு அழைத்துப் போனாள். அங்கே பாத்திரம் துலக்கிக்கொண்டே, ஏதோ வேறு பேச்சின் நடுவில் வருவதுபோலக் கேட்டாள்.

"அத்தை, அம்மா அந்தத் தோலை என்னைக்குத் தைச்சா?"

"என்னைக்கா? போனாளே, அன்னைக்குத்தான்." அத்தைக்கு இந்தக் கதையைச் சொல்லச் சலிப்பதில்லை. சொல்லச் சொல்ல அது அவளுக்கு இன்னும் புதிதாகிக்கொண்டே வந்தது. "காலைல ரெண்டு பேருக்கும் சண்டை. என்ன சண்டைன்னு தெரியாது, சத்தமே இல்லாத சண்டை. அவ தோலை ஊற வெச்சிருந்தா. வாசல்ல உக்காந்து கொம்புல போர்த்தித் தைச்சுக்கிட்டிருந்தா. அவன் எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டிருந்தான். சரி, தனியா விட்டா சமாதானம் ஆவாங்கன்னு நான் உன்னைத் தூக்கிக்கிட்டுச் சந்தைக்குப் போயிட்டேன். அன்னைக்குன்னு அப்படி ஒரு வெயில். நீ என் தோள்லயே தூங்கிட்ட. திரும்பி வரும்போது பொழுது சாஞ்சிருச்சு. அவன் மட்டும் உக்காந்திருந்தான், கொம்பை மடியில வெச்சுக்கிட்டு. அவ எங்கடான்னு கேட்டேன். 'போயிட்டா'ன்னான். அவ்வளவுதான். கிணத்துல போட்ட கல்லு. அதுக்கப்புறம் ஒரு வார்த்தை வரல."

"தோல்?"

"என்ன தோல்?"

"நீங்க வரும்போது தோல் ஈரமா இருந்துச்சா?"

அத்தை யோசித்தாள். "கல்லு மாதிரி காஞ்சிருந்துச்சு. நான்தான் கொம்பை வாங்கி அலமாரில வெச்சேன். ஏன்?"

"சும்மா."

"அவ நாங்க அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் கிளம்பியிருப்பா" என்றாள் அத்தை. "தயாரா இருந்திருக்கா. தெருவுல ஒருத்தர் கண்ணுலயும் படல பாரேன்."

குழாயிலிருந்து தண்ணீர் பாத்திரத்தில் விழுந்து நிரம்பி வழிந்தது. அவள் அதை மூடவில்லை. காலையில் போனவளுடைய கை சாயங்காலம் காய்ந்த தோலில் எப்படி இருக்கும். தோல் பொய் சொல்லாது என்று அவள் நினைக்கவில்லை. தோலுக்குப் பொய் சொல்லவோ மெய் சொல்லவோ தெரியாது. கை இருந்தால் குழி நிற்கும். கை போனால் குழி எழும்பிவிடும். அத்தை திரும்பி வரச் சற்று முன்பு வரைக்கும் அம்மா போகவில்லை. வாசலில், எதிரில், கையைக் கொம்பில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். மேலே வேறொரு கை இருந்தது. தோல் முழுக்கக் காய்ந்தபோதும் அம்மாவின் கை எடுபடவில்லை. அதன் பிறகு அத்தை தெருமுனையில் திரும்புவதற்குள், யார் கண்ணிலும் படாமல், அவள் போய்விட்டாள்.

அறைக்குப் போனாள். அப்பா கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தார். போர்வையின் மேல் இடக்கை மல்லாந்து கிடந்தது. அகலமான உள்ளங்கை. அந்தக் கையைத்தான் பிடித்துக்கொண்டு அவள் பள்ளிக்கூடம் போனாள். அவளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டதும் அந்தக் கைதான். அத்தை பின்னினால் இழுக்கும் என்று அவள் அவரிடம்தான் போவாள். அவர் இழுத்ததே இல்லை.

"மருந்து" என்றார் அப்பா. குரல் இறங்கியிருந்தது.

*

அவள் கொம்பை ஊறப்போடாமலே நாளைக் கடத்தினாள். கீறலை வெளியிலிருந்து அடைக்க முடியுமா என்று பார்த்தாள். பசை நிற்கவில்லை. கொம்பு பட்டறையில் அவள் மேஜைமேல் இருந்தது. உச்சி வெயிலில் தகரக்கூரை சூடேறும்போது உறை இறுகி ஒரு சின்னச் சத்தம் போடும். ஒற்றை விரலை நெட்டி முறிப்பதுபோல. எல்லாப் பச்சைத்தோலும் அப்படித்தான். ஆனாலும் அந்த நேரம் வரும்போது அவள் தையலை நிறுத்திவிட்டு அதற்காகக் காத்திருந்தாள். அது வந்த பிறகுதான் ஊசியை எடுத்தாள்.

வீட்டில் அப்பா தண்ணீரையும் நிறுத்திவிட்டார். பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் வந்து பார்த்தார். கண் இமையை விரித்துப் பார்த்துவிட்டு, அவர் விருப்பப்பட்டதைக் கொடுங்கள் என்றார். அத்தை வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து அவள் முன்னால் நின்றாள்.

"விருப்பப்பட்டதைக் குடுக்கணுமாம். டாக்டரே சொல்லிட்டாரு. நீ அங்க கொண்டுபோய் அடைகாத்துக்கிட்டிருக்க."

"வேலை இருக்கு அத்தை."

"அவன் சாகட்டும்னு பாக்குறியா?"

அத்தை அதைக் கோபத்தில் சொல்லவில்லை, சாதாரணமாகக் கேட்டாள். அவளால் உடனே இல்லை என்று சொல்ல முடியவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. மறுநாள் விடிந்ததும் பட்டறைக்குப் போய் வாளியில் தண்ணீர் பிடித்தாள்.

முதலில் ஆணிகளைப் பிடுங்கி மரக்கட்டையை எடுத்து, மிச்சமிருந்த பொடியை முற்றத்தில் வேறொரு வாளித் தண்ணீரில் கொட்டினாள். அத்தை சொன்னதற்காகப் பார்த்தாள். முடி இல்லை, நூல் இல்லை, துணி இல்லை. கறுப்புதான் இருந்தது. தண்ணீரில் அது மெதுவாக இறங்கியது. பிறகு உறையோடு கொம்பை நல்ல தண்ணீரில் அமிழ்த்தினாள். தோல் வெகுநேரம் ஒன்றும் செய்யவில்லை. பிறகு ஓரம் வெளுத்தது, வழவழத்தது. குழிகள் மேலேறத் தொடங்கின. சுண்டுவிரல் முதலில் போயிற்று. மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக. கட்டைவிரல் மட்டும் நின்றது. அவள் வாளியின் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன பாக்குற?" என்றார் கத்தரி. "உள்ள சினிமாவா ஓடுது?"

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். குனிந்தபோது கட்டைவிரலும் இல்லை.

அதற்குப் பிறகு வேலைதான். வேலையில் அவள் கை எப்போதும்போல ஓடியது. உறையை உரித்தாள். கொம்பைத் துடைத்து, கீறலை ஊசிமுனையால் சுத்தம் செய்து, கொம்புப் பொடியைப் பசையில் குழைத்து அடைத்தாள். அது இறுகியதும் உப்புத்தாளால் தேய்த்து, மரக்கட்டையைத் திரும்ப இறக்கி ஆணிகளை அடித்தாள். பழைய உறையில் அழுகிய இடம் இல்லை. ஈரத்தோடு போர்த்தி, பழைய துளைகளிலேயே புது நூலைக் கோத்து இழுத்தாள். துளைகள் நெருக்கமாக, ஒரே அளவாக இருந்தன. கடைசியில் மட்டும் அளவு தவறியிருந்தது. தைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று ஒரே கையால் தைக்க நேர்ந்ததுபோல. அவளும் அங்கே அதே போலத் தைத்தாள். வேறு துளை போடவில்லை. முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"இப்பவே வா" என்றாள் அத்தை.

"இன்னும் காயல அத்தை."

"அது காயுறதுக்குள்ள இது போயிரும் போல இருக்கு. வா."

*

அவள் ஈரக்கொம்பைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் மடியில் வைத்திருந்தாள். புடவை நனைந்தது. தெருவில் நிழலே இல்லை. வீடுகள் எல்லாம் வெயிலுக்குச் சன்னலைச் சாத்தியிருந்தன.

அப்பாவைத் தலையணைகளில் சாய்த்து உட்கார வைத்திருந்தாள் அத்தை. கண்கள் உள்ளே போயிருந்தன. மூச்சு மேலேயே நின்று நின்று வந்தது. அவள் ஸ்டூலை இழுத்து எதிரில் போட்டு உட்கார்ந்து துண்டை விலக்கினாள். கொம்பை அவர் மடியில் வைத்தாள்.

"ஈரமா இருக்குப்பா. இப்பத்தான் தைச்சேன்."

அவர் இடக்கை வந்து அதைத் தொட்டது. சட்டென்று பின்வாங்கியது. சுட்டுவிட்டது போல. விரல்களை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பச்சைத்தோலின் வாடை அறை முழுக்க இருந்தது. பிறகு அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். இத்தனை மாதங்களாக அவளை அவர் அப்படிப் பார்க்கவில்லை. மகளைப் பார்க்கிற பார்வை இல்லை அது. நெற்றியை, காதை, கழுத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் முகத்தின் செத்த பாதி அசையவில்லை. மற்றப் பாதியில் ஒரு வெட்கம் வந்தது போலிருந்தது. பார்க்கக் கூசியது.

"பாத்தியா, கண்ணு தெளிஞ்சிருச்சு" என்றாள் அத்தை. "நான் சொன்னேன்ல. வாயைத் திறப்பான் பாரு இப்ப. பால் காய்ச்சிக் கொண்டாரேன்." போகிற போக்கில் வெயில் முகத்தில் அடிக்கிறது என்று வாசற்கதவைச் சாத்தினாள். கொல்லைப்பக்கம் அடுப்பு பற்றுகிற சத்தம் கேட்டது.

அப்பா அவளுடைய வலது கையைப் பிடித்தார். அதைக் கொண்டுபோய்க் கொம்பின் மேல் வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் காட்டி வைத்தார். கட்டைவிரலைக் கடைசியாக வைத்தார். அதன் மேல் தம் உள்ளங்கையைக் கவிழ்த்து மூடினார். அவ்வளவு நாள் பட்டினி கிடந்த கை. அதில் இவ்வளவு பலம் இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

ஈரத்தோல் அவள் விரல்களுக்கு அடியில் அமுங்கியது.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் வரும் வழியெல்லாம் நினைத்திருந்தாள். சின்ன வயதில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டால் தலைவாரிவிட ஆள் இருக்காது என்று தோன்றியிருக்க வேண்டும். இப்போது அவர் முகம் இவ்வளவு அருகில் இருந்தது. அவர் பதில் சொல்ல மாட்டார், சொல்ல அவரிடம் சொல்லும் இல்லை. அந்தத் தைரியத்தில் கேட்டாள்.

"அம்மா எங்கப்பா போனா?"

அவர் உதடுகள் அசைந்தன. அவளுக்குப் பழகிய அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தாள். நாக்கு அதைத் தேடுவதுபோலத் தெரிந்தது. தேடியது அது இல்லை போலும். அவர் இன்னும் கொஞ்சம் குனிந்து, குழந்தையைத் தூங்க வைக்கிற குரலில், தெளிவாகச் சொன்னார்.

"காயட்டும்."

அன்று வாசலிலும் இதையேதான் சொல்லியிருப்பார் என்று தோன்ற, அவள் கையை இழுத்தாள். வரவில்லை.

"அத்தை" என்று கூப்பிட்டாள். குரல் வெளியே போனதா என்று தெரியவில்லை. கொல்லைப்பக்கம் பால் பொங்கி அடுப்பில் வழிகிற வாடை வந்தது. யாரும் அதை இறக்கவில்லை. சன்னல் இடுக்கில் நுழைந்த வெயில், ஒரு விரல் அகலத்துக்கு, தரையில் விழுந்து, கட்டிலின் காலில் ஏறி, போர்வையில் ஏறிக்கொண்டிருந்தது. அது கொம்பின் ஓரத்தைத் தொட்டபோது தோல் அந்த இடத்தில் வெளுக்கத் தொடங்கியது. அப்பாவின் தலை மெல்லச் சரிந்து அவள் தோளில் வந்து சாய்ந்தது. அவர் மூச்சு அவள் கழுத்தில் பட்டது. பிறகு பட்டதா என்று அவளால் சொல்ல முடியவில்லை. கை மட்டும் இருந்த இடத்திலேயே, இருந்த பலத்தோடு இருந்தது.

விரல்களுக்கு அடியில் தோல் இறுகியது. ஒற்றை விரலை நெட்டி முறிக்கிற அந்தச் சின்னச் சத்தம் கேட்டது.